கீழ்த் தட்டு பத்து

ஃப்ரிட்ஜுக்கு அடியில் குனிந்து நான் ஸ்க்ரூ தேடிக்கொண்டிருந்தேன். எந்த ஸ்க்ரூவும் கீழே விழவில்லை. என் முகத்தை மாமியிடமிருந்தும் மாமியின் மகளிடமிருந்தும் மறைத்துக்கொள்ள அந்தச் சமையலறையில் வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். தப்பான பார்ட்ஸை ஆர்டர் பண்ணி, கஸ்டமரை இரண்டு நாள் காக்கவைத்து, கொண்டுவந்து மாட்டியும் முடித்த பிறகு அது தப்பு என்று தெரிந்தால் ஒரு மெக்கானிக் வேறு என்ன செய்வான்?

"என்ன தேடறேள்?" என்றார் மாமி.

"ஸ்க்ரூ மாமி."

"பாத்து. அங்கதான் பல்லி குடித்தனம் பண்றது."

உடனே எழுந்துவிட்டேன். பல்லி என்றால் எனக்கு ஆகாது.

என் பெயர் ராஜேந்திரன். உறையூரில் சின்னக் கடை. இருபத்தாறு வருஷமாக ஃப்ரிட்ஜ் வேலை பார்க்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கேஸ் சார்ஜ் பண்ணுவது, கம்ப்ரஸர் மாற்றுவது எல்லாம் யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். இல்லாத ஸ்க்ரூவைத் தேடுவது எப்படி என்பதை என்னைவிட நன்றாகச் சொல்லித்தர திருச்சி மாவட்டத்தில் ஆள் கிடையாது. அந்த வீட்டுப் பெண்ணே "எழுதுங்கண்ணா" என்று சொன்னதால் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். என் பெயரையும் மாற்றலாமா என்று யோசித்தேன். பட்ட அவமானம் சொந்தப் பெயரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

1. போனிலேயே வைத்தியம்

ஆடிப் பெருக்குக்கு முதல் நாள் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து வசுமதி மாமி போன் பண்ணினார். மாமி எனக்குப் பழைய கஸ்டமர். கோயிலைச் சுற்றியுள்ள தெரு ஒன்றில் வீடு. ஆறு வருஷத்துக்கு முன்பு அவருக்கு அந்த ஃப்ரிட்ஜை வாங்கச் சொன்னதே நான்தான். அப்போது நானும் அதே மாடல்தான் வாங்கியிருந்தேன்.

"ராஜேந்திரன், ஃப்ரிட்ஜ் ஜில்லுனே இல்லை. பால் சாயங்காலத்துக்குள்ள திரிஞ்சு போயிடறது. ஒரு நடை வந்து பாருங்கோளேன்."

ஆடிப் பெருக்கு சமயத்தில் ஸ்ரீரங்கம் போவது எப்படி என்று திருச்சிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காவிரிப் பாலத்தில் பைக்கை நாம் ஓட்ட முடியாது, கூட்டம் பார்த்து எந்தக் கரையில் இறக்கி விடுகிறதோ அந்தக் கரைதான். எனக்குப் போக மனசில்லை. அதோடு 'போன் டாக்டர்' என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆள் நேரில் வராமலேயே கோளாறைச் சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் நான்தான்.

"எதுக்கு மாமி வரணும், போன்லயே பாத்துடலாம். ஃப்ரீஸர்ல ஐஸ் கட்டுதா?"

"கொஞ்சம் கட்டறது."

"அப்ப கேஸ் இருக்கு, கம்ப்ரஸர் ஓடுது. கீழ்ப் பக்கம்தான் ஏதோ கோளாறு. வீட்ல தெர்மாமீட்டர் இருக்கா?"

"இருக்கே. மைதிலி வந்திருக்கா. ஃப்ரிட்ஜுக்குள்ள வெக்கறதுக்குன்னே போன வாரம் ஒண்ணு வாங்கினா."

மைதிலி மாமியின் ஒரே மகள். பெங்களூரில் கணவனோடு இருப்பவள். வீட்டு ஃப்ரிட்ஜுக்கென்று தெர்மாமீட்டர் வாங்கிய குடும்பத்தை என் சர்வீஸில் நான் பார்த்ததே இல்லை. எதற்கு வாங்கினாள் என்று அப்போதே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. படித்த கஸ்டமர் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

"ரொம்ப நல்லது. தட்டு தட்டா எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

மாமி கொஞ்சம் யோசித்தார். "மேல ரெண்டு தட்டும் பத்தில்லை. கீழ்த் தட்டு மட்டும் பத்து."

"நல்லாப் பாத்தீங்களா? கீழ பத்தா?"

"இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு? கீழ்த் தட்டு எப்பவுமே பத்துதான்."

"எப்பவுமேவா? எவ்ளோ நாளா?"

"ஃப்ரிட்ஜ் வாங்கின நாள்லேர்ந்து."

"வாங்கின நாள்லேர்ந்தா! ஏன் மாமி என்கிட்ட சொல்லவே இல்ல?"

"இதை உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்றார் மாமி.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டேன். 'மேலே ஓகே. கீழே பத்து டிகிரி. வாங்கிய நாள் முதல்.' ஒரு ஃப்ரிட்ஜின் உள்ளே எட்டு டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மேலே நன்றாக இருந்து கீழே மட்டும் பத்து என்றால் கதவின் கீழ்ப் பக்கம் வெளிக்காற்று நுழைகிறது. அதாவது கேஸ்கெட், கதவைச் சுற்றி ஓடும் ரப்பர், சரியாக ஒட்டவில்லை. கம்பெனியிலிருந்து வரும்போதே கோளாறு. என் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்தது பாருங்கள். வேகத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அதே மாடல் ஆயிற்றே என்று, மத்தியானம் சாப்பிடப் போனபோது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டிலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். என் மனைவி செல்வி கரண்டியோடு வந்து நின்றாள்.

"என்னங்க, அதுக்குக் காய்ச்சலா?"

"ஸ்ரீரங்கத்துல ஒரு கேஸ். நம்மளுது எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

"ஆறு வருஷமா நம்ம ஃப்ரிட்ஜ் கைப்பிடி ஆடுது. அதை என்னைக்குப் பாப்பீங்க? நானும் ஸ்ரீரங்கத்துக்குப் போயி போன் பண்ணாத்தான் வருவீங்களா?"

எங்களுடையது ஐந்து டிகிரி காட்டியது. அப்படியென்றால் மாமி வாங்கிய பீஸ்தான் பழுது. சந்தேகமே இல்லை. ஜங்ஷன் பக்கம் ஸ்பேர் கடை வைத்திருக்கும் காதர் பாய்க்குப் போன் பண்ணி, அந்த மாடலுக்கு கேஸ்கெட் சொன்னேன். நாளை லீவு, நாளன்றைக்குக் காலையில் கையில் இருக்கும் என்றார். மாமியிடமும் சொன்னேன்.

"நாளன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நிச்சயமா சரியாயிடுமா? ஆகணும், ராஜேந்திரன்."

"ஆயிடும் மாமி. நான் சொன்னா சொன்னதுதான்."

அந்த 'ஆகணும்' என்பதில் மாமியின் குரல் லேசாக மாறியது. அது காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை.

2. பத்து

சொன்ன நாளில் பதினொன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பழைய கேஸ்கெட்டைக் கழற்றும்போதே உறுத்தியது. எங்கும் கிழியவில்லை, விறைக்கவில்லை. பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் விடாமல் பிடிக்கிற ரப்பர் அது. அந்தச் சோதனையை நான் முதலில் பண்ணியிருக்க வேண்டும். பண்ணாமல், புதியதை வெந்நீரில் போட்டு இளக்கி, மூலைகளைச் சரி பண்ணி, விசில் அடித்துக்கொண்டே மாட்டினேன்.

முக்கால் மணி நேரம் ஓடவிட்டு என் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். கீழ்த் தட்டு பதினான்கு. மேல் தட்டு? அதுவும் பதினான்கு.

"மாமி, மேல நல்லா இருக்குன்னுதான சொன்னீங்க?"

"நான் எப்போ சொன்னேன்?"

"கீழதான் பத்து, மேல பத்தில்லைன்னு சொன்னீங்களே."

"ஆமாம். கீழ சாதம், குழம்பு எல்லாம் வெப்போம். அது பத்து. மேல பால், தயிர், பெருமாளுக்குப் பூ. அது பத்தில்லை. தட்டு தட்டா சொல்லுங்கோன்னேளே, எதைத் தொடலாம், எதைத் தொட்டா கை அலம்பணும்னு கேக்கறேள், எவ்வளவு பதவிசுன்னு நெனச்சுண்டேன்."

வெந்த சோறும் சோறு பட்டதும் அந்த வீடுகளில் பத்து. அதைத் தொட்ட கையை அலம்பாமல் பாலையோ தயிரையோ தொடக் கூடாது. இது எனக்குத் தெரியாத விஷயமா? ஸ்ரீரங்கத்தில் நான் ஏறாத சமையலறை இல்லை. 'இது பத்து, கை அலம்பிக்கோங்கோ' என்று எத்தனை வீட்டில் கேட்டிருப்பேன்! ஆனால் போனைக் காதில் வைத்து, பேனாவைக் கையில் பிடித்து, தெர்மாமீட்டர் என்ற வார்த்தையையும் சொல்லிவிட்டால் எனக்குப் பத்து என்பது நம்பர்தான்.

ஸ்க்ரூ தேடக் குனிந்தது இப்போதுதான். பல்லி சேதியைக் கேட்டு எழுந்தபோது மைதிலி சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

சாப்பாட்டு மேஜை மேல் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி இருந்தது.

3. சைக்கிள்

"அண்ணா, இன்னிக்கு சரியாகாதா?" என்றாள் மைதிலி.

"ஆகும்மா. என்ன கோளாறுன்னு இனிமேதான் பாக்கணும். அந்தப் பெட்டில என்ன?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். மாமி வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஊசி மருந்துண்ணா. குழந்தைக்காக ட்ரீட்மென்ட் எடுத்துக்கறேன். இன்னிக்கு ராத்திரி முதல் ஊசி, அப்பறம் தெனமும். ரெண்டுலேர்ந்து எட்டு டிகிரிக்குள்ள வெச்சிருக்கணும். ஆஸ்பத்திரில காலம்பற குடுத்தா. பெட்டிக்குள்ள இருக்கற ஐஸ் ஆறு மணி வரைக்கும் தாங்கும்னா. அதுக்குள்ள ஃப்ரிட்ஜ் ரெடியாயிடும்னு நீங்க சொன்னேளே, அதனால வாங்கிண்டு வந்துட்டேன்."

நான் சொன்னால் சொன்னதுதான்.

"பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள் வெச்சுக்கலாமேம்மா?"

"வேண்டாம்ணா." அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள். "எட்டு வருஷமா இந்தத் தெருவுல எல்லாரும் என்கிட்ட ஒரே கேள்விதான் கேக்கறா. பெங்களூர்ல ரெண்டு தடவை ட்ரீட்மென்ட் எடுத்தோம். ரெண்டு தடவையும் எல்லாருக்கும் தெரியும். கரு தங்காமப் போனதும் எல்லாருக்கும் தெரியும். வந்து வந்து துக்கம் விசாரிச்சா. இந்தத் தடவை யார்கிட்டயும் சொல்லாம இங்க வந்திருக்கேன். மருந்து கெட்டுப்போச்சுன்னா இந்த சைக்கிள், இந்தத் தடவை ட்ரீட்மென்டே, போச்சுண்ணா."

எங்கள் தொழிலில் சைக்கிள் என்றால் கம்ப்ரஸர் ஓடி நின்று மறுபடி ஓடுவது. அரைமணிக்கு ஒன்று வரும், போனால் அடுத்தது வரும். அவள் சொன்ன சைக்கிள் அப்படி வருவதில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மணி ஒன்று.

பயந்தவன் எப்படி வேலை பார்ப்பான் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அன்றைக்கு என்னைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடினேன். மாமி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, குடித்தது மறந்துபோய் இன்னொரு சொம்பு கேட்டேன். ஆனால் கை தானாக வேலை செய்தது. இருபத்தாறு வருஷத்தில் மூளைக்கு வந்ததைவிட கைக்கு வந்த பாடம் அதிகம்.

ஃப்ரீஸர் கதவைத் திறந்து டோர் ஸ்விட்சை விரலால் அழுத்திப் பிடித்தேன். கதவு மூடியிருப்பதாக நினைத்து உள்ளே ஃபேன் சுற்ற வேண்டும். மூச்சே இல்லை. பின் பேனலைக் கழற்றினேன். காயில், அதாவது குளிர் உண்டாக்கும் குழாய்ச் சுருள், குளிர்ந்திருக்கிறது. ஃபேனின் கனெக்டரில் மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு வோல்ட் வருகிறது. ஃபேன் மோட்டார்தான் செத்துக் கிடந்தது. குளிர் மேலே உற்பத்தியாகிறது, கீழே தள்ளிவிட ஆள் இல்லை. நேரில் வந்திருந்தால் ஐந்தே நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

காதர் பாயைக் கூப்பிட்டேன்.

"பாய், அதே மாடலுக்கு ஃபேன் மோட்டார் இருக்கா?"

"கேஸ்கெட்டு என்னாச்சு?"

"கேஸ்கெட்டு நல்லா இருக்கு. மோட்டார் சொல்லுங்க."

"ஸ்டாக் இல்ல ராஜேந்திரன். மெட்ராஸ்லேர்ந்து வரணும், நாலு நாள் ஆகும். வேற மாடல் மோட்டார் ஒண்ணு கெடக்கு. ஷாஃப்ட்டு குட்டை, எதிர்ப்பக்கமா சுத்தும். மாட்டுனீங்கன்னா குளிர் கீழ வராது, இன்னும் மேல போயிரும். இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை வந்துரும்."

வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள். பெட்டியில் இருந்த ஐஸுக்கு ஐந்து மணி நேரம். நான் வாசலுக்குப் போய் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், பைக் சாவி பாக்கெட்டில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். அப்படியே கிளம்பிப் போய், போனை அணைத்துவிட்டு, வேறு ஊரில் வேறு தொழில் தொடங்கலாமா என்று யோசித்தேன். மண்ணச்சநல்லூரில் என் மச்சான் அரிசி மில்லில் இருக்கிறான். அரிசிக்கு ஃபேன் மோட்டார் கிடையாது.

மச்சானை நினைத்தால் கூடவே அவன் தங்கை ஞாபகம் வந்தாக வேண்டும். என் மனைவி. அவள் ஞாபகம் வந்தால், அவள் கரண்டியோடு நின்ற இடமும் வரும்.

4. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்

"செல்வி, நம்ம ஃப்ரிட்ஜுலேர்ந்து ஃபேன் மோட்டாரைக் கழட்டணும்."

"ஏன், அதுக்கும் காய்ச்சல் வந்துருச்சா?"

"ஸ்ரீரங்கத்து ஃப்ரிட்ஜுக்கு வேணும். நாலு நாள்ல புதுசு வந்துடும், நம்மளுக்கு மாட்டிக்கலாம்."

"நாலு நாளா! நேத்துதான் ஒரு குண்டான் மாவு அரைச்சு வச்சேன். அவங்க ஃப்ரிட்ஜ் ஓடணும்னு நம்ம வீட்டுதை நிறுத்துவீங்களா? இருபத்தாறு வருஷமா வேலை பாக்கறீங்க, ஒரு மோட்டார் ஸ்டாக் வச்சுக்கத் துப்பில்ல."

"ஒரு மருந்து அவங்க வீட்லயே வைக்கணும் செல்வி, தெனமும் ராத்திரி வேணும். யாருக்குன்னு கேக்காத. நான் சொல்லக் கூடாது."

அந்தப் பக்கம் அவள் குக்கரை அணைப்பது கேட்டது.

"ஊசியா?" என்றாள்.

"இப்பவே கெளம்பறேன்" என்றேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முதல் ஆறு வருஷம் செல்வியிடமும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அதை நான் மறந்திருந்தேன். அவள் மறக்கவில்லை.

"நான் சாமானெல்லாம் எடுத்து வெளிய வச்சிடறேன். நீங்க பாத்து வாங்க, பாலத்துல வேகமா வராதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உறையூர் போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஃப்ரிட்ஜ் காலியாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. சமையல் மேடை முழுக்கப் பாத்திரம். மாவுக் குண்டானை மூன்றாகப் பிரித்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாகிவிட்டது. டூல்ஸ் பையை மாமி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். செல்வி ஒன்றும் சொல்லாமல் காய் நறுக்கும் கத்தியை எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கத்தியால் ஸ்க்ரூ கழற்றி மோட்டாரை எடுத்தேன். கத்தியின் முனை வளைந்தது. அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திரும்ப மாமி வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை. மோட்டாரை மாட்டினேன், ப்ளேடு போட்டேன், கனெக்டரைச் சொருகினேன், டோர் ஸ்விட்சை அழுத்தினேன். ஃபேன் சுற்றவில்லை.

கழற்றி மறுபடி சொருகினேன். சுற்றவில்லை. கத்தியால் குத்தி மோட்டாரைக் கெடுத்துவிட்டேனா, வழியில் ஆட்டத்தில் ஒயர் அறுந்ததா, போர்டே போயிற்றா, ஒன்றன்பின் ஒன்றாக மனசில் ஓடியது. மைதிலி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ராஜேந்திரன்," என்றார் மாமி, ரொம்ப மரியாதையாக. "கேக்கறேனேன்னு தப்பா எடுத்துக்காதீங்கோ. ப்ளக்கு கீழ கெடக்கே, அது அங்கதான் கெடக்கணுமா?"

ப்ளக்கைச் சொருகினேன். ஃபேன் சுற்றியது. குளிர்ந்த காற்று கீழே இறங்கி என் முகத்தில் பட்டது. நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த முறை ஸ்க்ரூ தேடக்கூடத் தெம்பில்லை.

அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. கதவைத் திறந்து திறந்து பார்த்தால் குளிர் போய்விடும் என்பதால், அரைமணிக்கு ஒரு தடவைதான் என்று கண்டிப்பாகச் சொன்னேன். மாமியும் மைதிலியும் கேட்டுக்கொண்டார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்தது நான். மாமி என்னை ஸ்டூல் போட்டுக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தான் காவல் இருந்தார். காபி வந்தது. இன்னொரு காபியும் வந்தது. மூன்றரைக்குப் பதிமூன்று. நான்கு மணிக்குப் பன்னிரண்டு. நாலரைக்கு மாமி குனிந்து பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்.

"இப்போ பத்து. நீங்க சொல்ற பத்து."

மைதிலி மறுபடி சிரித்தாள். இந்தத் தடவை நல்ல சிரிப்பு.

ஐந்து மணிக்கு எட்டு. ஐந்தே முக்காலுக்கு ஆறு. பெட்டிக்குள் ஐஸ் பாதி உருகியிருந்தது, மருந்து சில்லென்றே இருந்தது. கதவில் வைக்காதே, திறந்து மூடினால் சூடு படும். பின்சுவரில் ஒட்டி வைக்காதே, உறைந்துவிடும். நடுத் தட்டில், நடுவில் வை என்றேன். வைக்கப் போகும்போது மாமி தடுத்தார்.

"இரு. மருந்து பத்தா, பத்தில்லையா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதற்கு என்னிடம் மீட்டர் இல்லை.

"பத்தில்லை," என்று மாமியே தீர்ப்புச் சொன்னார். "பூவுக்குப் பக்கத்துல வை."

5. உள்ள என்ன இருக்கு

எங்கள் வீட்டில் நான்கு நாள் ஃப்ரிட்ஜ் இல்லை. வெள்ளிக்கிழமை புது மோட்டார் வந்தது, மாட்டினேன். அந்தக் கையோடு கைப்பிடியையும் டைட் பண்ணினேன். செல்வி அந்த மருந்தைப் பற்றி அப்புறம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வளைந்த கத்தியை மட்டும் என் டூல்ஸ் பையில் போட்டுவிட்டு, தனக்குப் புதுக் கத்தி வாங்கிக்கொண்டாள்.

ஊசி முடியும்வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். எந்த வேலையும் இருக்கவில்லை. தெர்மாமீட்டரைப் பார்ப்பேன், ஐந்து என்று இருக்கும், சரி என்று வந்துவிடுவேன். ஒரு நாள் மாமியே கேட்டார், "உங்களுக்கு வேற கஸ்டமரே இல்லையா?" என்று. மருந்தெல்லாம் தீர்ந்த அன்று மைதிலி காலி அட்டைப்பெட்டியைக் காட்டினாள். "இனிமே ஃப்ரிட்ஜ் கையில இல்லண்ணா" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவளிடம் கேள்வி கேட்க ஊரில் போதுமான ஆள் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் போன் டாக்டர் இல்லை. பார்ட்ஸ் ஆர்டர் பண்ணுவதற்கு முன்னால் நானே நேரில் போகிறேன், கழற்றிப் பார்க்கிறேன், மாடல் ஸ்டிக்கரைப் போட்டோ எடுக்கிறேன். அந்த மோட்டாரில் எப்போதும் ஒன்று கடையில் இருக்கிறது. போன் வந்தால் முன்பெல்லாம் என் முதல் கேள்வி 'என்ன மாடல்?' என்பதாக இருக்கும். இப்போது அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, 'உள்ள என்ன இருக்கு?'

இதைக் கேட்டால் என்னென்ன பதில் வருகிறது தெரியுமா? சர்க்கரைக்குப் போடும் இன்சுலின் என்பார்கள். உடனே ஓடுகிறேன். நாளைக்குக் கல்யாணத்துக்குக் கட்டிய மாலை என்பார்கள், அதற்கும் ஓடுகிறேன். மண்ணச்சநல்லூரில் ஒருவர் ரொம்பத் தயங்கி, காய்கறிக்கு அடியில் நிலப் பத்திரம் இருப்பதாகச் சொன்னார். அதற்கு மெதுவாகத்தான் போனேன். வெறும் தண்ணீர் பாட்டில் என்கிறவர்களும் உண்டு. எந்த வேலையை முதலில் எடுப்பது, எதை நாளைக்கு வைப்பது என்று இப்போது எனக்குச் சரியாகத் தெரிகிறது. புதிதாக வருகிற உங்களுக்கு நான் சொல்ல நினைத்த பாடம் இவ்வளவுதான். நாம் ரிப்பேர் பண்ணுவது ஃப்ரிட்ஜ் என்று நாம்தான் நினைக்கிறோம். கூப்பிடுகிறவர்கள் உள்ளே இருப்பதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஐப்பசியில் ஒரு மழை நாள். கடையில் இருந்தேன். வசுமதி மாமி போன்.

"ராஜேந்திரன், கீழ காய்கறி டப்பா விரிசல் விட்டுடுத்து. அந்த மாடலுக்குப் புதுசு கெடைக்குமா?"

"கெடைக்கும் மாமி. வந்து பாத்துட்டு ஆர்டர் போடறேன். உள்ள என்ன இருக்கு?"

"மாங்கா."

"மாங்காவா? ஐப்பசில மாங்கா ஏது?"

"எங்க சீசனோ அங்கேர்ந்து வரவழைச்சேன். காந்தி மார்க்கெட்ல ஒருத்தன் கொண்டுவந்து தரான். டப்பா தாங்கற அளவைப் பாக்காம ரொப்பிட்டேன்."

"அவ்ளோ மாங்கா எதுக்கு மாமி, ஊறுகா போடறீங்களா?"

மறுமுனையில் யாரோ சிரிப்பது கேட்டது. அப்புறம் மைதிலியின் குரல், கொஞ்சம் சோர்வாக, வாயில் எதையோ அதக்கிக்கொண்டு.

"அண்ணா, எனக்குத்தான். காலம்பற எழுந்தா வேற எதுவும் நிக்க மாட்டேங்கறது."

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நிஜமாகவே கீழே விழுந்தது. நான் எடுக்கவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ," என்று மாமி போனை வாங்கிக்கொண்டார். "அஞ்சு மாசம் ஆகட்டும்."

"சொல்ல மாட்டேன் மாமி" என்றேன்.

வைத்த கையோடு, போய்ப் பார்ப்பது எல்லாம் அப்புறம் என்று, காதர் பாயைக் கூப்பிட்டேன்.

"பாய், ஃப்ரிட்ஜ் காய்கறி டப்பா ஒண்ணு. அதே மாடல். ரொம்ப அவசரம்."

"காய்கறி டப்பால என்னய்யா அவசரம்? அது இல்லாம ஃப்ரிட்ஜ் ஓடாதா?"

"ஓடும் பாய். உள்ள மாங்கா இருக்கு."

"மாங்காவா?" என்றார் பாய். அவருக்கு நான்கு பெண் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஆறு. "இந்த மாசத்துலயா?"

"இந்த மாசத்துலதான்."

"எந்த வீடுன்னு நான் கேக்கல," என்றார் காதர் பாய். "நாளைக்குக் காலைல முதல் பஸ்லயே ஏத்தச் சொல்றேன்."